நாலு நிபந்தனையும் ஒரு கும்பாக் கூழும்

வியாபாரத்துக்குக் கடல் கடப்பவர்கள் உண்டு, கல்யாணத்துக்குக் கடப்பவர்கள் உண்டு. நான் மன்னிப்பதற்காகக் கடந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், கண்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு, கோட்டுப் பையில் நாலு நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து, கார்பன் பிரதியும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மன்னிப்புக்கு எதற்கு ஐயா நிபந்தனை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருப்பேன். கப்பலில் வந்தவர்களின் நல்ல காலம், யாரும் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ரெபெக்காள் திண்டுக்கல்லில் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்து, அங்கேயே ஆசிரியையாக இருந்தவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சின்னாளப்பட்டிக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் அழகர்சாமி என்பவரை மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கண்டியில் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக்கு உபதேசியார். உபதேசியாராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புது அரிவாளுக்கு எதையாவது வெட்டிப் பார்க்க வேண்டுமே. திண்டுக்கல் சபைக்கு ஆறு பக்கத்தில் புகார் எழுதிப் போட்டேன். அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆராதனைக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நேரம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. விலக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால், புகார் கொடுத்த ஆள் நேரில் வர வேண்டும். திருவிருந்துக்கு முதல் நாள் நடக்கும் ஆயத்த ஆராதனையில் எழுந்து நின்று, 'எனக்குத் தடை இல்லை' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடிதம் செல்லாது. அங்கே இருந்த போதகர் வருடத்துக்கு ஒன்றாக எனக்குக் கடிதம் போட்டார். நானும் வருடத்துக்கு ஒன்றாகக் காரணம் எழுதினேன்: பரீட்சை, மழை, மூட்டு வலி. கடைசிக் கடிதத்தில் அவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார். 'உம்முடைய அக்கா இன்னும் வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.' அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, மன்னித்துவிடலாம் என்று பெரிய மனது பண்ணினேன்.

வியாழக்கிழமை பகல் திண்டுக்கல்லில் இறங்கினேன். ஆடிக் காற்று முதல் வேலையாக என் தலையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி, ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டிக்கு அடியில் போட்டது. குதிரை தன் பங்குக்கு அதன்மேல் செய்ய வேண்டியதைச் செய்தது. எங்கள் கண்டியில் காற்று வந்தால் பின்னாலேயே மழை வரும். இங்கே மண்தான் வருகிறது. வண்டிக்காரர் தொப்பியைச் சாட்டைக் குச்சியால் தூக்கிப் பார்த்து, "கழுவிப் போட்டா செத்த நேரத்துல காஞ்சுரும் சாமி" என்றார். நான் வெறுந்தலையோடு நடந்தேன்.

பசி. பக்கத்திலேயே ஒரு கடையில் ஆட்டுக்கறி பிரியாணி. பொடி அரிசியில், மிளகுக் காரத்தோடு வாழை இலையில் வைத்தார்கள். தேங்காய்ச் சம்பல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இரண்டு இலை இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் கோட்டையும் டையையும் பார்த்துவிட்டு, "காந்திகிராமத்துக்கு வந்தீகளா? இப்படி உடுத்திட்டு வார வெளியூர்க்காரவுக அங்கதான் போவாக" என்றார்.

"இல்லை. கண்டியிலிருந்து வருகிறேன், குடும்ப விஷயம்."

"சொத்துத் தகராறா?"

"அதெல்லாம் இல்லை. என் அக்காவை மன்னிக்க வந்திருக்கிறேன்."

அவர் எலும்பைக் கீழே வைத்தார். "அதுக்கா கடல் தாண்டி வந்தீக? ஒரு கடுதாசி போட்டா ஆகாதா?"

சபை விதிப்படி கடிதம் ஏன் செல்லாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனேன். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். நான் தாளை நீட்டினேன். விளக்கடியில் வைத்து நிதானமாகப் படித்தார். அக்கா சபைக்கு முன் தன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முதலாவது. கண்டியில் இருக்கும் குடும்பத்தாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்பது இரண்டாவது. புருஷன் வாரம் ஒரு நாள் வேதபாடத்துக்கு வர வேண்டும் என்பது மூன்றாவது. நாலாவதைப் போதகர் உரக்கவே படித்தார்.

"ஊர்க் கோயில் திருவிழா எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. அங்கே கொடுக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது." கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சபையில இது கண்டிப்போ?"

"ரொம்பக் கண்டிப்பு ஐயா. வைத்தால் மூன்று மாதம் திருவிருந்து கிடையாது. போன வருடம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் கோயில் பொங்கல் சாப்பிட்டுவிட்டார். நான்தான் சபையில் எழுந்து சொன்னேன்."

"பொங்கல்ல நெய்யி இருந்துச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். "பாவம், நெய்யில்லாத பொங்கலுக்கா மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். "சனிக்கிழமை நீங்களே சபையில வாசிங்க. விதியில எடமிருக்கு. ஆனா அதுக்கு முன்ன அக்காளப் போய்ப் பாத்துட்டு வாங்க. ஒரு விசயம் தெரியுமா? நம்ம திருவிருந்து மேசையில வைக்கிற பூவு அம்புட்டும் அவுக தோட்டத்துப் பூவுதான். பன்னெண்டு வருசமா வருது. பூவுக்குத் தடை சொல்லி யாரும் எழுதலையே." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டங்களில் ஒன்று. உட்கார்ந்ததும் நிபந்தனைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நிபந்தனையில் தூங்கிவிட்டேன். என் பிரசங்கத்தில் சபையார் தூங்குவது எப்படி என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் சேவுகம்பட்டியில் நின்றது. அது வத்தலக்குண்டு பஸ்.

"சின்னாளப்பட்டிக்கு இதுலயா ஏறுனீக?" என்று கேட்ட கண்டக்டர், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் என் கதையைச் சொன்னார். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி, கடைசி ஒன்றரை மைல் வெயிலில் நடந்து, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சி தாண்டிவிட்டது. வயிற்றில் காலையில் குடித்த ஒரு டம்ளர் காப்பிதான்.

அக்கா வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் மனதில் வைத்திருந்த அக்காவுக்கு நரை கிடையாது. அவளும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே சாமுவேலு, முடியெல்லாம் எங்கலே போச்சு?"

பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். கண்ணீர் அதற்குப் பிறகு வந்தது, அவளுக்கு. நான் விறைப்பாக நின்றேன். உள்ளேயிருந்து ஒருவர் துண்டால் கை துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மாப்ள" என்றார். அழகர்சாமி. எங்கள் முறைப்படி நான் அவரை அத்தான் என்று கூப்பிட வேண்டும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தார்கள். சோறு, குழம்பு, இரண்டு வெஞ்சனம், அப்பளம். இலையும் போட்டாயிற்று. அப்போதுதான் என் ஆறு பக்கப் புகார் ஞாபகம் வந்தது. இப்படிப்பட்டவர்களோடு விசுவாசி ஒரு பந்தியில் உட்காரக் கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன், அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். தடையை நீக்குவதற்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது?

"வயிறு சரியில்லை அக்கா" என்றேன். ஒரு கட்டளையைக் காப்பாற்ற இன்னொரு கட்டளையை மீறுகிறோமே, இது பொய்யாயிற்றே என்று புத்திக்குத் தெரியாமல் இல்லை. புத்தி சொன்னதை வயிற்றின் சத்தத்தில் கேட்க முடியவில்லை.

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். இலையை எடுத்தாள். சுக்கு, மிளகு, ஓமம், வேப்பங்கொழுந்து எல்லாம் தட்டிப் போட்டு ஒரு செம்பு கசாயம் காய்ச்சிக்கொண்டு வந்தாள். "மூணு வேளை குடிக்கணும். வேற எதும் வாயில வைக்கக் கூடாது." நான் அந்தக் கசப்பை விழுங்கும்போது, அழகர்சாமி பக்கத்தில் தனியாக உட்கார்ந்து முருங்கைக்காயைக் கடித்து இழுத்தார்.

சாப்பாடு முடிந்து அவர் வேலையிருக்கிறது என்று கிளம்பிப் போனதும், அக்கா என் எதிரே உட்கார்ந்தாள். "நாளைக்குத் தடையில்லன்னு சொல்லிருவியா தம்பி?"

"சில விஷயங்கள் இருக்கு அக்கா. சபையில் பேசுகிறேன்."

அவள் ஊசியில் நூல் கோப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்லே. சாகுறதுக்குள்ள ஒரு தடவ எல்லாரோடயும் முழங்கால் போட்டு வாங்கணும். அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு பூக்கட்டப் போய்விட்டாள். அப்போதே நான் சரி என்று சொல்லியிருக்கலாம். கோட்டுப் பையில் தாள் இருந்ததே, அது விடவில்லை.

நாலு மணிக்குமேல் பசி கண்ணை மறைத்தது. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். டீக்கடை எதுவும் கண்ணில் படவில்லை. ஊர்க் கோடியில் வேப்பிலைத் தோரணமும் மேளச் சத்தமும். ஆடி வெள்ளி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஊரே வரிசையில் நின்றது. கேழ்வரகுக் கூழின் புளித்த வாசனை காற்றோடு வந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த வேத ஞானம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை என்று அப்போஸ்தலரே சொல்லியிருக்கிறாரே. ஒன்றுமில்லாததற்குப் படைத்த கூழ் வெறும் கூழ்தானே. கேழ்வரகு எந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கியது? தோட்டத்துத் தொழிலாளியை மூன்று மாதம் விலக்கியபோது இந்த வாதம் எனக்குத் தோன்றவே இல்லை. டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

என்னிடம் பாத்திரம் இல்லை. முன்னால் நின்ற அம்மா இரண்டு கும்பா வைத்திருந்தாள். அந்த வெண்கலக் கிண்ணத்தில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "எந்த ஊரு அப்பு?"

"கண்டி."

"அங்கிட்டும் மாரியாத்தா இருக்காளா?"

"இருக்கிறாள்" என்றேன். உபதேசியார் வாயிலிருந்து வந்த சாட்சி அது.

தலையைக் குனிந்தபடியே நகர்ந்து, அண்டாவுக்கு முன்னால் வந்து கும்பாவை நீட்டினேன். அகப்பை இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் வேட்டி, வெற்று மேல், கையில் அகப்பையோடு அழகர்சாமி. அந்த வருடம் கூழ் ஊற்றுவது அவருடைய பங்காளிகள் முறையாம்.

பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கும்பாவைப் பார்த்தார். ஓர் அகப்பை ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். நாலு சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் எடுத்து என் கையில் வைத்தார்.

"குடிங்க மாப்ள. வயித்துக்குக் கூழு நல்லதுதான்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அவகிட்டச் சொல்ல மாட்டேன்" என்றார். அடுத்த ஆளுக்கு ஊற்றத் திரும்பிவிட்டார்.

வேப்பமரத்தடியில் நின்று குடித்தேன். அதைப் போல ஒன்றை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் கும்பாவை வழித்தேன். இந்த மனிதர் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டுச் சோறு தீட்டு, இது மட்டும் இனிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். நாலு நிபந்தனை இல்லை, ஒரு நிபந்தனைகூட அவர் போடவில்லை. பொழுது சாய்ந்து அழகர்சாமியும் வீடு திரும்பியபின் அக்கா இரண்டாம் வேளைக் கசாயத்தை நீட்டினாள். கழுத்து மட்டும் கூழ் இருந்த வயிற்றில் அதையும் ஊற்றினேன். அழகர்சாமி முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பகலில், மூன்றாம் வேளைக் கசாயத்துக்குப் பிறகு, பூக்கூடைகளோடு மாட்டு வண்டியில் மூவரும் திண்டுக்கல் போனோம். ஆயத்த ஆராதனைக்கு நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அழகர்சாமி கூடையோடு வாசற்படியில் நின்றார். போதகர் வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்கும் யார் மேலயும் குறை இருக்கா? யாருக்கும் மனசுல சுமை இருக்கா?"

எழுந்தேன். தாளை எடுத்தேன். நாலாவது நிபந்தனை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

"என் அக்காவுக்கு என்னால் எந்தத் தடையும் இல்லை. நிபந்தனையும் இல்லை" என்றேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எனக்குத்தான் சுமை இருக்கிறது. அக்கா வீட்டில் சாப்பிடக் கூடாது என்பதற்காக வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். பிறகு பசி தாங்காமல் மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்தேன்."

சபையில் ஓர் அசைவு. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கூழு குடிச்சது தெரியாது. வயித்து வலி பொய்யின்னு அப்பவே தெரியும் ஐயா. வலிக்காரன் கொழம்புச் சட்டியவேவா பாத்துக்கிட்டு இருப்பான்? அதான் மூணு வேளை கசாயம் குடுத்தேன்."

சபை முழுக்கச் சிரித்தது. போதகர்கூட வாயைத் துணியால் மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் என்னைக் கேட்டார். "உங்க சபையில இதுக்கு என்ன?"

"மூன்று மாதம் ஐயா."

"நாங்க அம்புட்டுப் பண்ண மாட்டோம். மன்னிச்சாச்சு, நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

இல்லை ஐயா, விதி விதிதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மன்னிக்கக் கடல் தாண்டியவனுக்கு மன்னிப்பை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "சட்டத்த விட உமக்கு மனசு வரல. சரி, நாளைக்கு ஒரு நாள் வெளிய இரும். அது உமக்கு நல்லதுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துப் பாட்டு தொடங்கியதும் எழுந்தேன். என் இடத்திலிருந்து வாசல் இருபது தப்படி இருக்கும். அத்தனை கண்களும் முதுகில் விழ அந்த இருபது தப்படியை நடந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். அக்கா இதைப் பன்னிரண்டு வருடம் நடந்திருக்கிறாள், நான் எழுதிய ஆறு பக்கத்துக்காக.

வெளியே புளியமரத்தடியில் ஒரு பலகைக் கல். அழகர்சாமி அதில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அக்கா.

"நீ எங்க வார?" என்றார் அழகர்சாமி.

அக்கா விழித்தாள். "பாட்டுக் கேட்டதும் காலு தானா வந்துருச்சு."

"போ, உள்ள போ. ஒனக்குத்தான் தடையில்லையே."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அரை ஓட்டமாகத் திரும்பிப் போனாள். சன்னல் வழியே எனக்கு உள்ளே தெரிந்தது. அழகர்சாமி சன்னல் பக்கம் திரும்பவில்லை. "அவ வெளிய இருக்கையில நான் உள்ள எட்டிப் பாக்குறதில்லன்னு வச்சிருந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகல. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க மாப்ள" என்றார்.

"முழங்கால் போட்டிருக்கிறாள். போதகர் பக்கத்தில் வந்துவிட்டார்."

"குடுத்தாரா?"

"கையில் வைத்துவிட்டார். வாங்கிவிட்டாள்." அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. நின்றபடியே அழுதேன். வாத்தியார், உபதேசியார், வழுக்கைத் தலையன், பட்டப்பகலில் புளியமரத்தடியில் விம்மி அழுதேன்.

அழகர்சாமி, நான் மூக்கைத் துடைத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். "நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "பன்னெண்டு வருசமா இந்நேரத்துக்கு அவ எங்கூட இங்கன இருப்பா. பேச்சுத் துணை. இனிமே நான் தனியாத்தான் உக்காரணும் போல" என்றார்.

"இன்றைக்கு நான் இருக்கிறேனே அத்தான்" என்றேன்.

அவர் கல்லின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காருங்க மாப்ள. மொத நாளுதான் கஷ்டமா இருக்கும்."